தேரி மணலில் வண்டி புதைந்தால்: முதன்முறை ரெக்கவரி சாமான் வாங்குபவர்களுக்கு

திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டை (செம்மணல் மேடுகள் நிறைந்த காடு) ஒட்டி என் மாமாவுக்கு ஒரு முந்திரித் தோப்பு உண்டு. போன ஆடி மாதம் அங்கே போகும் மண்பாதையில் என் மாருதி ஜிம்னி முன் அச்சு வரை இறங்கிவிட்டது. ஆடிக் காற்றில் தேரி மணல் பாதைமேல் ஏறியிருந்ததை நான் கவனிக்கவில்லை. வண்டியில் இருந்தது நெடுஞ்சாலை ஓரக் கடையில் 650 ரூபாய்க்கு வாங்கிய கயிறு ஒன்று. இரண்டு முனையிலும் இரும்புக் கொக்கி. உறைமேல் '5 டன்' என்று அச்சு. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் டிராக்டரோடு வந்தார். "எங்க தம்பி மாட்டணும்?" என்று கேட்டார். வண்டியின் அடியில் கண்ணில் பட்ட ஒரு வளையத்தைக் காட்டினேன். ஒரே இழுப்பில் வளையம் பிய்ந்தது. கொக்கி பறந்து போய் டிராக்டர் மட்கார்டில், அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி அடித்தது.

அவர் காலில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு பல நாள் தூங்கவிடவில்லை. அதன்பிறகு அதே வண்டியை மண்வெட்டியால் அடிமணலை வாரி, டயரில் காற்றை இறக்கி, பனமட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் போட்டு, யாரும் இழுக்காமலே நாற்பது நிமிடத்தில் வெளியே எடுத்தோம். எதை முதலில் வாங்க வேண்டும், எதைக் கடைசியில் வாங்க வேண்டும் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. அடுத்த ஆறு மாதம் விசாரித்தும், வாங்கியும், சிலவற்றைத் திருப்பிக் கொடுத்தும் தெரிந்துகொண்டதைக் கீழே எழுதுகிறேன். விலைகள் நான் வாங்கியபோதும் நண்பர்களுக்காக விசாரித்தபோதும் இருந்தவை.

1. எடையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

எந்தச் சாமானையும் வண்டியின் எடையை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் பார்க்க வேண்டியது வெற்று எடையை அல்ல, ஆட்களும் சாமானும் ஏறிய முழுச்சுமை எடையை. ஆர்.சி. அட்டையில் வெற்று எடை இருக்கும். முழுச்சுமை எடைக்கான இடம் சில அட்டைகளில் காலியாக இருக்கும். அப்படியானால் வண்டியோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் தேடுங்கள். ஐந்து கதவு ஜிம்னிக்கு அது 1,545 கிலோ. பெரிய வண்டிகளுக்கு இரண்டு டன்னைத் தாண்டும். இந்த எண்ணைக் கைபேசியில் குறித்து வையுங்கள். கடைக்காரர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டிய எண் இதுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. சக்கரம் பாதி புதைந்திருந்தால், அதை வெளியே எடுக்க ஏறக்குறைய வண்டியின் எடை அளவுக்கே இழுவிசை வேண்டும். மட்கார்டு வரை இறங்கினால் இரண்டு மடங்கு. பானெட் மட்டத்துக்குச் சேற்றில் போனால் மூன்று மடங்கு. இது அனுபவக் கணக்குதான், ஆய்வகத்தில் அளந்தது அல்ல. ஆனாலும் ஒரு விஷயம் தெளிவு: பத்து நிமிடம் மண்ணை வாரினால் கயிற்றின் மேல் விழும் சுமை பாதியாகக் குறையும்.

2. கயிறு வாங்கும் முன், மாட்டும் இடத்தைப் பாருங்கள்

வண்டியின் அடியில் வளையமாகத் தெரிவதெல்லாம் இழுக்கும் கொக்கி அல்ல. சில வளையங்கள், கப்பலிலோ லாரியிலோ ஏற்றும்போது வண்டி ஆடாமல் கட்டிவைக்கப் போட்டவை. பம்பரில் மூடியைத் திறந்து திருகி மாட்டும் கொக்கி, பழுதான வண்டியைத் தார்ச்சாலையில் மெதுவாக இழுத்துப் போகவும் லாரியில் ஏற்றவும் கொடுக்கப்பட்டது. புதைந்த வண்டியை வெட்டி இழுக்கும் (தொய்வு விட்டு, வேகமெடுத்துச் சட்டென்று இழுக்கும்) அதிர்ச்சியை அது தாங்கும் என்று நம்பாதீர்கள்.

கையேட்டை எடுத்து முன்னும் பின்னும் எந்தக் கொக்கியில் மாட்டச் சொல்கிறது, எந்தத் திசையில் இழுக்கச் சொல்கிறது என்று படியுங்கள். பிறகு சர்வீஸ் விடும்போது வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, அந்தக் கொக்கி சேஸியில் எத்தனை போல்ட்டில் நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. முன்பக்கம் தகுதியான இடம் இல்லையென்றால், உங்கள் மாடலுக்கென்றே செய்து சேஸியில் போல்ட் போடும் ரெக்கவரி பாயின்ட் தனியாகக் கிடைக்கிறது. ஜோடி 4,000 முதல் 9,000 ரூபாய். வெல்டிங் பட்டறையில் வளையம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அந்த வெல்டிங் எவ்வளவு தாங்கும் என்று வைத்தவருக்கே தெரியாது.

ஒருபோதும் மாட்டக்கூடாத இடங்கள்: அச்சு, ஸ்டியரிங் கம்பி, சஸ்பென்ஷன் கை, பம்பர் கார்டு. எல்லாவற்றையும்விட ஆபத்தானது டிரெய்லர் இழுக்கும் பந்து. அது தெறித்து வந்து உள்ளே இருந்தவர்கள் உயிரிழந்த சம்பவங்கள் ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கின்றன. அடுத்த வண்டிக்காரர் அங்கே மாட்டச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

3. முதல் பணம் காற்றுக்கு

மணலில் எந்தச் சாமானும் செய்யாத வேலையைக் காற்றை இறக்குவது செய்யும். டயர் தரையில் பதியும் நீளம் கூடும். வண்டி மணலை வெட்டாமல் மேலே மிதக்கும். சாலையில் 30 பக்கம் வைக்கும் அழுத்தத்தை மணலில் 16 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம். 15-க்குக் கீழே போனால், ஓரத்தில் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் அபாயம் உண்டு. காற்றைக் குறைத்தபின் வேகமும் வேண்டாம், வெட்டித் திருப்பவும் வேண்டாம்.

இதற்கு மூன்று பொருள் வேண்டும். நம்பத்தகுந்த ஒரு பிரஷர் கேஜ், 500 முதல் 1,200 ரூபாய். காற்றை வேகமாக இறக்கும் டிஃப்ளேட்டர், ஆயிரத்துக்கு மேல். ஆரம்பத்தில் இது இல்லாமல் சாவி நுனியிலேயே சமாளிக்கலாம். மூன்றாவது கம்ப்ரெஸர். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் 1,500 ரூபாய் கம்ப்ரெஸரைத்தான் நானும் முதலில் வாங்கினேன். ஒரு டயருக்குப் பதினைந்து நிமிடம் ஓடியது. மூன்றாவது டயரில் சூடேறி நின்றது. நேராக பேட்டரியில் கிளிப் மாட்டும் வகையை வாங்குங்கள். 5,000 முதல் 9,000 ரூபாய் ஆகும். ஜிம்னி அளவு டயரை நாலைந்து நிமிடத்தில் நிரப்பும். வாங்கும்போது பின் டயர் வரை குழாய் எட்டுமா என்று பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டபடியே பயன்படுத்துங்கள்.

காற்றை இறக்கிவிட்டுத் திரும்ப நிரப்பாமல் பஞ்சர் கடை வரை தார்ச்சாலையில் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். டயரின் பக்கச்சுவர் சூடாகி வெடிக்கும்.

4. மண்வெட்டியும் பலகையும்

மடக்கி வைக்கும் 'ராணுவ' மண்வெட்டி பையில் அழகாக இருக்கும். வண்டியின் வயிற்றுக்கு அடியிலிருக்கும் மணல் வரை எட்டாது. நம் ஊர் மண்வெட்டி சக்கரத்தைச் சுற்றி வெட்ட மிக நல்லது. அடியில் கைவிட்டு மணலை இழுக்க, நீளக் காம்புள்ள ஷவல் ஒன்று கூட வேண்டும். இரண்டும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். ஜாக்கியின் அடியில் வைக்க ஓர் அடிச் சதுரத்தில், ஒன்றரை அங்குல கனத்தில் ஒரு பலகைத் துண்டு மரக்கடையில் கேட்டு வாங்குங்கள். மணலில் பலகை இல்லாத ஜாக்கி வண்டியைத் தூக்காது, தானே புதையும்.

பிளாஸ்டிக் ரெக்கவரி பலகை ஜோடி 5,000 முதல் 9,000 ரூபாய். வெளிநாட்டுப் பெயர் பெற்றவை அதைப்போல் பல மடங்கு. ஜோடியை விரலால் வளைத்துப் பார்த்து, பற்கள் உடலோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கின்றனவா என்று கவனியுங்கள். சக்கரத்தைச் சுழலவிட்டால் எந்தப் பலகையின் பல்லும் உருகும். அது பலகையின் குறை அல்ல. பலகையைச் சக்கரத்துக்கு அடியில் நன்றாகச் செருகி, முதல் கியரில் ஊர்ந்து ஏற வேண்டும்.

கோவில்பட்டிப் பக்கக் கரிசலில் ஐப்பசி மழைக்குப் பிறகு போவதாக இருந்தால் கதை வேறு. அந்த மண் டயர்ப் பட்டையின் இடுக்கையெல்லாம் அடைத்துவிடும்; காற்றை இறக்குவது தேரியில் உதவும் அளவுக்கு அங்கே உதவாது. டயரைச் சுரண்டிச் சுத்தம் செய்ய ஒரு கரண்டியும் சாக்குப் பைகளும் அங்கே பலகையைவிட அதிகம் உழைக்கும். மழைக்குப் பின் இரண்டு நாள் காத்திருப்பது அதைவிட நல்லது.

5. இழுக்கும் கயிறு: ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்

கடையில் 'டோ ரோப்' என்று கேட்டால் எதையாவது எடுத்து நீட்டுவார்கள். உண்மையில் இரண்டு வேறு பொருட்கள் இருக்கின்றன.

முதலாவது நீளாத பட்டை. பாலியெஸ்டரில் செய்தது. தார்ச்சாலையில் கட்டி இழுக்கவும், மரத்தைச் சுற்றிப் போடவும், கயிறு எட்டாதபோது நீளம் கூட்டவும் உதவும். இதைத் தொய்வாக விட்டு, முன்னால் நிற்கும் வண்டி வேகமெடுத்து வெட்டி இழுத்தால், அதிர்ச்சி முழுவதும் இரு வண்டிகளின் கொக்கியில் இறங்கும். எனக்கு நடந்தது ஏறக்குறைய இதுதான்.

இரண்டாவது நீளும் கயிறு. நைலானில் செய்தது. பட்டையாக இருந்தால் ஸ்னாட்ச் ஸ்ட்ராப். சுமார் 20 சதவீதம் நீளும். முறுக்கிய தடிக்கயிறாக இருந்தால் கைனடிக் ரோப். 30 சதவீதம் வரை நீளும். ரப்பர்போல் இழுபட்டு, சேர்த்துவைத்த விசையை மெதுவாகப் புதைந்த வண்டிக்குக் கொடுக்கும். மணலுக்கும் சேற்றுக்கும் இதுதான் வேண்டும். 9 மீட்டர் நீளம் சரியானது. பட்டை 3,500 முதல் 6,000 ரூபாய். கைனடிக் 7,000 முதல் 12,000 ரூபாய்.

எத்தனை டன் வாங்குவது? கயிறு அறும் அளவு, இரு வண்டிகளில் இலகுவான வண்டியின் முழுச்சுமை எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். ஜிம்னிக்குக் கணக்குப் போட்டால் 3.1 முதல் 4.6 டன். 2,300 கிலோ வண்டிக்கு 4.6 முதல் 6.9 டன். எனக்குக் கடையில் முதலில் கொடுத்தது 11 டன் பட்டை. "பெருசா இருந்தா பாதுகாப்பு சார்" என்றார்கள். அது தவறு. லேசான வண்டியில் அவ்வளவு தடித்த பட்டை நீளவே நீளாது. காசைக் கொடுத்து நீளாத பட்டையை வாங்கியதற்குச் சமம். நான் திருப்பிக் கொடுத்ததில் முதல் பொருள் அதுதான். மெல்லியதாகக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள்.

முனையில் இரும்புக் கொக்கி தைத்திருந்தால், எந்த விலையானாலும் வாங்காதீர்கள். முனை வெறும் கண்ணியாக இருக்க வேண்டும்.

நீளாத பட்டைக்கு ஒரு மலிவான வழி: சென்னைப் பாரிமுனைப் பக்கத் தெருக்களிலும் மற்ற ஊர்களில் கிரேன் சாமான் விற்கும் கடைகளிலும் கிடைக்கும் பாலியெஸ்டர் வெப்பிங் ஸ்லிங். நிறமே அதன் தாங்குதிறனைச் சொல்லும்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. இவை பாதுகாப்பாகத் தூக்கும் அளவு. அறும் அளவு வழக்கமாக அதைப்போல் ஏழு மடங்கு. பச்சை நிறத்தில் 3 மீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் மரத்தில் சுற்ற உதவும். மரத்தின் பட்டையும் உரியாது. இதை வைத்து வெட்டி மட்டும் இழுக்கக் கூடாது.

6. ஷேக்கிள்: எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்

கயிற்றின் கண்ணியை வண்டியின் கொக்கியோடு இணைக்கும், குறுக்கே 'பின்' என்ற திருகாணி போட்ட இரும்பு வளையம்தான் ஷேக்கிள். கயிற்றின் மேல் எழுதிய டன் வேறு, ஷேக்கிளின் மேல் பொறித்த டன் வேறு. கயிற்றில் இருப்பது அறும் அளவு. ஷேக்கிளில் இருப்பது பாதுகாப்பாகச் சுமக்கும் அளவு. உடையும் அளவு அதைப்போல் ஐந்தாறு மடங்கு. அதனால் 8 டன் கயிற்றுக்கு 8 டன் ஷேக்கிள் தேட வேண்டியதில்லை. சிறிய வண்டிக்கு 3.25 டன், பெரிய வண்டிக்கு 4.75 டன் போதும். 4.75 டன் வில் வடிவ ('bow') ஷேக்கிளுக்கு உடல் கனம் 19 மில்லிமீட்டர், பின்னின் கனம் 22 மில்லிமீட்டர் இருக்கும். ஸ்கேல் வைத்துப் பாருங்கள். விலை 400 முதல் 700 ரூபாய். உடலில் எண்ணும் தயாரிப்பாளர் குறியும் பொறிக்கப்படாத, கிணற்று மோட்டாருக்கு விற்கும் வெள்ளை ஷேக்கிள் வேண்டாம்.

பின்னை முழுவதும் இறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்துங்கள். இல்லையென்றால் இழுத்தபின் கழற்ற வராது.

கயிற்றாலேயே செய்த சாஃப்ட் ஷேக்கிள் 1,200 முதல் 2,500 ரூபாய். எடை இல்லை, பிய்ந்தாலும் இரும்புக் குண்டாகப் பறக்காது. கூர்மையான விளிம்புள்ள கொக்கியில் மட்டும் இதை மாட்டாதீர்கள், அறுத்துவிடும். என் வண்டியில் இரண்டு சாஃப்ட், ஒரு இரும்பு என்று வைத்திருக்கிறேன்.

இரண்டு கயிற்றை இணைக்க நடுவில் இரும்பு ஷேக்கிள் போடவே கூடாது. ஒன்றின் கண்ணிக்குள் மற்றதை நுழைத்துக் கோத்து, முடிச்சு இறுகிவிடாமல் இடையில் சுருட்டிய பத்திரிகை ஒன்றைச் செருகுங்கள்.

7. வின்ச், அதற்கான காகிதங்கள்

முதல் வருடம் வின்ச் (பம்பரில் மாட்டி, கயிற்றை உருளையில் சுற்றி இழுக்கும் மோட்டார்) வேண்டாம் என்பதே என் கருத்து. வாங்குவதென்றால் முழுச்சுமை எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுதிறன் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எண், உருளையில் கடைசி ஓர் அடுக்குக் கயிறு மட்டும் இருக்கும்போது கிடைப்பது. அதன்மேல் அடுக்கு கூடக் கூட இழுவை குறையும். 35,000 ரூபாயில் தொடங்கி, பெயர் பெற்றது லட்சத்தைத் தாண்டும். அதற்கேற்ற பம்பர், பேட்டரி தனி.

செலவைவிடப் பெரிய தலைவலி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவில் உள்ள அமைப்பை அனுமதியின்றி மாற்றக்கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு, அப்படிச் செய்த உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. இரும்புக் கார்டு பம்பர்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி, 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. பம்பரை மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். கயிறு, பலகை, கம்ப்ரெஸர் போன்றவை வண்டியின் அமைப்பை மாற்றாதவை. அவற்றுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

பாலிசிப் புத்தகத்தை இந்தச் சாக்கில் ஒருமுறை படித்துவிடுங்கள். தனியார் கார் பாலிசிகளில் பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாடு விலக்கப்பட்டிருக்கும். தண்ணீர் புகுந்து கெட்ட இன்ஜினுக்கு, தனியாக இன்ஜின் பாதுகாப்பு சேர்க்கை எடுத்திருந்தால்தான் பணம் கேட்க முடியும். சாலையோர உதவித் திட்டத்தில் எந்த மாதிரிச் சாலைக்கு வருவார்கள் என்ற வரியைத் தேடுங்கள். என்னுடையதில் மண்பாதைக்கு வரமாட்டார்கள் என்பதை அன்று தேரியில் நின்று போன் செய்தபோதுதான் தெரிந்துகொண்டேன். தேரியின் சில பகுதிகள் காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைந்தால் வழக்கு. பட்டா நிலமென்றாலும் உரிமையாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

8. வாங்கும் வரிசை, பில், கால அவகாசம்

முதல் மாதம்: கேஜ், கம்ப்ரெஸர், மண்வெட்டி, ஷவல், ஜாக்கிப் பலகை, தோல் கையுறை. சுமார் 8,000 முதல் 12,000. இரண்டாம் மாதம்: மாட்டும் இடத்தைச் சரிபார்த்த பிறகு கயிறும் ஷேக்கிளும், 6,000 முதல் 14,000. பலகை அதற்கப்புறம். இணையத்தில் சரியான எடைக்கான கயிறு கையிருப்பில் இல்லாமல் எனக்கு மூன்று வாரம் ஆனது. பயணத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே ஆர்டர் போடுங்கள். கிடைக்கவில்லை என்பதற்காகக் கடைசி நேரத்தில் வேறு அளவு வாங்க வேண்டாம்.

கயிற்றில் தைத்த சீட்டில் அறும் அளவு, நீளம், எந்த நூல், தயாரிப்பாளர் பெயர் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். '8 டன்' என்று மட்டும் போட்டு, அது எந்த அளவு என்று சொல்லாத சீட்டைக் கண்டால் வைத்துவிட்டு வாருங்கள். கிரேன் சாமான் கடையில் ஷேக்கிளுக்கும் ஸ்லிங்குக்கும் சோதனைச் சான்றிதழ் கேட்டால் தருவார்கள். சான்றிதழில் உள்ள எண்ணும் பொருளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று அங்கேயே பாருங்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் நான் வாங்கிய ஒரே பொருளைத்தான் திருப்பிக் கொடுக்க முடியாமல் போனது.

9. ஊருக்குள்ளேயே ஒருமுறை செய்து பாருங்கள்

காலி மைதானத்தில் நண்பர் வண்டியோடு ஒரு காலை நேரத்தை ஒதுக்குங்கள். காற்றை இறக்கி நிரப்பி நேரம் பாருங்கள். கயிற்றை மாட்டி, இரண்டு மீட்டர் தொய்வு விட்டு, நடை வேகத்தில் இழுத்துப் பழகுங்கள். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவிட வேண்டும்; எங்காவது பிய்ந்தால் பறக்கும் வேகத்தை அது குறைக்கும். சுற்றி நிற்பவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 9 மீட்டர் கயிற்றுக்குக் குறைந்தது 14 மீட்டர் விலகி, பக்கவாட்டில் நிற்க வேண்டும். நம் ஊரில் வண்டி சிக்கினால் நிமிடத்தில் கூட்டம் கூடிவிடும். குழந்தைகளை முதலில் அனுப்பிவிட்டு, ஒருவர் மட்டும் சைகை காட்ட வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். உதவிக்கு வருபவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், "அண்ணே, கொக்கிய நானே மாட்டுறேன்" என்று சொல்லுங்கள். எங்கே மாட்ட வேண்டும் என்று அங்கே உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருமுறை இழுத்த கயிறு திரும்பச் சுருங்க நேரம் வேண்டும். இரண்டு மூன்று இழுப்புக்கு மேல் தொடர்ந்து வேண்டாம்; மறுபடி மண்ணை வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். உள்ளே புகுந்த மணல் நூலை அறுக்கும், வெயில் நைலானை வலுவிழக்கச் செய்யும். நூல் பிசிறியோ, தையல் விட்டோ, ஓரம் வெட்டுப்பட்டோ இருந்தால் அதன் காலம் முடிந்தது. அதைக் குப்பையில் முழுசாகப் போடாமல் நான்கு துண்டாக வெட்டிப் போடுங்கள்; முழுசாகக் கிடந்தால் யாராவது எடுத்துப்போய் டிராக்டரில் கட்டுவார்கள்.